உச்சி வேறு, வசூல் வேறு

பிரிட்டனில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட வேண்டுமென்றால் சும்மா கேட்க மாட்டார்கள். மாரத்தான் ஓடுகிறேன், மொட்டையடித்துக்கொள்கிறேன், மலை ஏறுகிறேன், நீ உன்னால் முடிந்ததைக் கொடு என்பார்கள். மொட்டை விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சாமி இருக்கும் இடத்தில் அறக்கட்டளை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஹாஸ்பிஸ் அப்படி ஒரு குழுவைத் தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலைக்கு அனுப்பியது. இனி குணமாகாது என்று தெரிந்த நோயாளிகளை வலி தெரியாமல், மரியாதையோடு கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம் அது. நோயாளியிடம் காசு வாங்குவதில்லை. அரசு கொடுப்பது செலவில் ஒரு பகுதிதான், மிச்சமெல்லாம் ஊர்ப்பணம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி தன் கடைசி வாரங்களை அங்கேதான் கழித்தார். அதனால் அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் பெயர் கொடுத்தேன். ஆப்பிரிக்காவுக்கு நான் போனதே இல்லை. மலை என்றால் கொடைக்கானலும் வேல்ஸின் ஸ்னோடனும்தான் எனக்குத் தெரியும்.

அம்மா போனில் கேட்டாள்: "அந்தக் காசை நேரா அந்த ஆஸ்பத்திரிக்கே குடுத்துடலாமே. நடுவுல மலை எதுக்குடி?"

இதைவிட நல்ல கேள்வியை அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. இப்படிப் போக நினைக்கிற யாரும் முதலில் இதற்குத்தான் பதில் தேட வேண்டும்.

இந்தப் பயணங்களில் பொதுவாக இரண்டு வழி வைத்திருப்பார்கள். ஒன்று, முன்பதிவுக் கட்டணம் மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். அப்புறம் குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். விமானம், பூங்காக் கட்டணம், கூடாரம், சாப்பாடு எல்லாம் நீங்கள் திரட்டிய அந்தப் பணத்திலிருந்தே போகும். மீதிதான் அறக்கட்டளைக்கு. இன்னொன்று, பயணச் செலவு முழுவதும் உங்கள் கைக்காசு. திரட்டுவது அத்தனையும் நோயாளிகளுக்கு. முதல் வழியில் தப்பொன்றும் இல்லை, கையில் பணமில்லாதவர்களும் வர முடிகிறது. ஆனால் பத்து பவுண்டு கொடுக்கிற ஆயாவுக்கு, அதில் ஒரு பங்கு என் விமான டிக்கெட்டுக்குப் போகிறது என்பதைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அதைச் சொல்ல வாய் கூசுகிறதென்றால் இரண்டாவது வழிதான் நமக்கு. நான் இரண்டாவதை எடுத்தேன். அம்மாவுக்கும் பதில் கிடைத்துவிட்டது: மலை என் செலவு, வசூல் அவர்கள் பணம்.

வரி விஷயத்திலும் இதற்கு ஒரு பலன் உண்டு. பிரிட்டனில் வரி கட்டுபவர் அறக்கட்டளைக்கு ஒரு பவுண்டு கொடுத்தால், கிஃப்ட் எய்டு மூலம் அரசிடமிருந்து அறக்கட்டளை மேற்கொண்டு 25 பென்ஸ் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் பயணச் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டிருந்தால், பயணம் போகிறவரும் அவருடைய கணவர், பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய சொந்தங்களும் கொடுக்கும் பணத்துக்கு அது கிடைக்காது. என் அண்ணனும் லண்டனில்தான் இருக்கிறான். செலவு என்னுடையது என்பதால் அவன் கொடுத்ததையும் தயங்காமல் கிஃப்ட் எய்டில் சேர்க்க முடிந்தது. ஹாஸ்பிஸின் நிதிப் பிரிவில் இருந்தவரே இதை விளக்கினார். கேட்டால்தான் சொல்வார்கள், கேளுங்கள்.

பணம் திரட்டுவதைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இணையத்தில் பக்கம் திறந்து எல்லா வாட்ஸப் குழுக்களிலும் போட்டால் முதல் வாரம் வரும், அப்புறம் நின்றுவிடும். எனக்குக் கைகொடுத்தது தோசை. அலுவலகச் சமையலறையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தோசை சுட்டு, உருளைக்கிழங்கு மசாலா, தேங்காய்ச் சட்னியோடு விற்றேன். வரிசை லிஃப்ட் வரைக்கும் நின்றது. அடுத்தது எப்போது என்று ஆட்களே கேட்க ஆரம்பித்தார்கள். கல்லை மட்டும் வீட்டிலிருந்து தூக்கிப் போக வேண்டியிருந்தது. அதுவும் மலைக்குப் பயிற்சிதான். தெருவில் உண்டியல் குலுக்க நினைத்தால் உள்ளூர் கவுன்சிலின் (லண்டனில் என்றால் போலீஸின்) அனுமதி வேண்டும், கடை வாசல் என்றால் கடைக்காரர் அனுமதி வேண்டும். அதைவிட தோசை சுலபம்.

திரட்டிய பணம் முழுவதையும் புறப்படுவதற்கு முன்பே கட்டிவிட்டேன். வசதிக்காகத்தான் அப்படிச் செய்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மலையின் மேல் போன பிறகு தெரிந்தது.

குழுவில் இருபதுக்கும் மேல் ஆட்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், ஹாஸ்பிஸில் கணவரை இழந்த பெண்மணி ஒருவர், ஒரே அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர்கள், இரண்டு நர்ஸுகள். இந்திய முகம் நான் மட்டும். புறப்படும் முன் தென் இங்கிலாந்துக் குன்றுகளில் சேர்ந்து நடக்கும் பயிற்சி வைத்தார்கள். கட்டாயமில்லை என்றார்கள், ஆனால் போங்கள். யார் மெதுவாக நடப்பார்கள், யார் பேசிக்கொண்டே இருப்பார்கள், யாரோடு ஒரே கூடாரத்தில் தூங்க முடியும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். உடம்புக்கான பயிற்சி என்றால், ஏறுவதைவிட இறங்குவதற்குத்தான் அதிகம் வேண்டும். உச்சி நாளில் 5,895 மீட்டரிலிருந்து சுமார் 3,100 மீட்டருக்கு ஒரே நாளில் இறங்குவோம். மூச்சு தாங்கினாலும் முட்டி தாங்க வேண்டுமே. அலுவலகத்தில் நான் லிஃப்டில் ஏறி, படியில் இறங்கினேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அறக்கட்டளை அனுப்பும் தகவல் தாள் அநேகமாக பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதியதாகத்தான் இருக்கும். உங்களிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட்டோ இலங்கை பாஸ்போர்ட்டோ என்றால், தான்சானியா விசா, வழியில் விமானம் மாறும் ஊரின் விதி, திரும்பி பிரிட்டனுக்குள் நுழைவதற்கான அத்தாட்சி எல்லாவற்றையும் நீங்களே பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் அப்படித்தான். கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்த நோய் இருக்கும் நாடுகள். நைரோபி வழியாகவோ அடிஸ் அபாபா வழியாகவோ போய், அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் தான்சானியாவில் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லுபடியாகும், கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. மலையடிவாரத்தில் மலேரியாவும் உண்டு. பயண மருத்துவரை இரண்டு மாதம் முன்பே பார்த்துவிடுங்கள்.

காப்பீடு வாங்கும்போது உயரத்தைப் பாருங்கள். மலை நடைக்கும் சேர்த்து என்று போட்டிருக்கும், உள்ளே போய்ப் பார்த்தால் 4,000 மீட்டரோடு முடிந்திருக்கும். நமக்கு 6,000 மீட்டர் வரைக்கும் எழுத்தில் வேண்டும், மீட்பு ஹெலிகாப்டர் செலவும் அதில் அடங்க வேண்டும்.

சாமான் பட்டியலைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இரண்டை மட்டும் சொல்கிறேன். பழகிய மலை பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டே விமானம் ஏறுங்கள். பெட்டி தொலைந்தால் கோட்டு, தூங்கும் பை எல்லாம் அடிவார ஊரான மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும், உங்கள் காலுக்குப் பழகிய பூட்ஸ் கிடைக்காது. இன்னொன்று, தான்சானியாவில் 2019 ஜூன் முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. துணிமணியைக் கடைப் பைகளில் சுற்றி அடுக்கும் நம் வழக்கம் அங்கே செல்லாது, துணிப்பையில் அடுக்குங்கள்.

மோஷி, மலையின் தென்புற அடிவாரத்தில் இருக்கும் ஊர். சுற்றிலும் வாழைத்தோட்டம், வாழைக்கு நடுவே காப்பிச் செடி. சாக்கா மக்களின் பூமி. காலையில் தெருவோரத்தில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் பால் விட்ட மசாலா டீ. வந்து இறங்கிய அன்றைக்கே எனக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியவில்லை. மலையைத்தான் காணவில்லை. பகல் முழுவதும் மேகம். மறுநாள் விடியற்காலையில் மாடிக்குப் போனவர்கள் கத்திய கத்தலில் எழுந்து ஓடினேன். வானத்தில் நான் தேடிய இடத்துக்கும் மேலே, வெகு உயரத்தில் வெள்ளையாக இருந்தது கிபோ, கிளிமஞ்சாரோவின் மிக உயர்ந்த எரிமலைக் கூம்பு.

கிளிமஞ்சாரோவில் நம் இஷ்டத்துக்குத் தனியாக ஏற முடியாது. 1991 முதல் பதிவுபெற்ற வழிகாட்டி கட்டாயம். வழிகாட்டி மட்டுமல்ல, மச்சாமே என்ற ஏறுவழி தொடங்கும் வாசலில் நாங்கள் இறங்கியபோது எங்கள் குழுவுக்கென்று ஏறத்தாழ எழுபது எண்பது பேர் காத்திருந்தார்கள். சமையல்காரர்கள், கூடாரம் போடுபவர்கள், தண்ணீர் கொண்டுவருபவர்கள், மற்றவர்களெல்லாம் சுமை தூக்குபவர்கள். சுமையைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது. அதில் உங்கள் பை 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுவார்கள். எங்களில் ஒருவருடைய பை அதைத் தாண்டியது. ஹேர் டிரையரை வெளியே எடுத்தார். மலையில் எங்கே செருகுவதாக இருந்தார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

நன்கொடைப் பயணம் என்று போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி இங்கே வருகிறது. நம் ஊர் நோயாளிக்காகப் பணம் திரட்டப் போகிறோம், சரி. நம் சாமானைச் சுமக்கிறவருக்கு ஒழுங்காகக் கூலி போகிறதா? மூன்று வேளை சாப்பாடு உண்டா? குளிருக்குத் தகுந்த காலணி இருக்கிறதா? இதைக் கண்காணிப்பதற்கென்றே மோஷியில் கிளிமஞ்சாரோ சுமை தூக்குவோர் உதவித் திட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. தங்கள் விதிகளுக்கு உட்பட்டு நடக்கும் நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறார்கள். உங்கள் அறக்கட்டளை பேசி வைத்திருக்கும் உள்ளூர் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று பெயர் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் பேரம் பேசலாம், இதைப் பேசக் கூடாது. மலிவாகக் கிடைக்கும் கிளிமஞ்சாரோ என்றால், அந்த மலிவு யாரோ ஒருவருடைய முதுகிலிருந்துதான் வந்திருக்கும்.

அவர்கள் நமக்குப் பின்னால் புறப்பட்டு, தலையில் மூட்டையோடு நம்மைத் தாண்டிப் போய், நாம் போய்ச் சேர்வதற்குள் கூடாரம் போட்டிருப்பார்கள். தாண்டும்போது மலைப் பக்கமாக ஒதுங்கி வழி விடுங்கள். சரிவுப் பக்கம் ஒதுங்கினால் பை இடித்து உருள்வது நாம்தான்.

மச்சாமே வழியை ஆறு நாளிலும் முடிக்கலாம், ஏழு நாளிலும் முடிக்கலாம். ஏழை எடுங்கள். அந்தக் கூடுதல் நாளில்தான் உடம்பு காற்றின் மெலிவுக்குப் பழகுகிறது. முதல் நாள் முழுவதும் மழைக்காடு, பாசி தொங்கும் மரங்கள், காலுக்கடியில் சேறு. இரண்டாம் நாள் மரங்கள் குட்டையாகிப் புதராகும். மூன்றாம் நாள் சுமார் 4,600 மீட்டரில் லாவா டவர் என்ற பாறை வரைக்கும் ஏறிச் சாப்பிட்டுவிட்டு, 4,000 மீட்டருக்குக் கீழே பாரங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவோம். இவ்வளவு ஏறிவிட்டு ஏன் இறங்க வேண்டும் என்று கால் கேட்கும். உயரத்தைக் காட்டிவிட்டுக் கீழே தூங்கவைப்பதுதான் உடம்பைப் பழக்கும் முறை. பாரங்கோவில் ராட்சத செனேசியோ மரங்கள் நின்றன. பருத்த தண்டு, காய்ந்த இலைகளே சட்டை மாதிரி சுற்றியிருக்க, உச்சியில் மட்டும் பச்சைக் கொத்து.

வழிகாட்டிகள் நடக்கவைக்கும் வேகம் முதலில் எரிச்சலாக இருக்கும். "போலே போலே" என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பவர் ஏறக்குறைய நின்றுவிடுவது போல நடப்பார். மெதுவாக, மெதுவாக. எங்கள் இளைஞர்கள் முதல் இரண்டு நாளும் அவரைத் தாண்டி ஓடினார்கள். ஒரு முகாமுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்து என்ன செய்ய? கூடாரமே இன்னும் வந்திருக்காது.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. காலையில் கஞ்சி, மதியம் சூப்பும் ரொட்டியும், சாயங்காலம் சோளப்பொரியோடு டீ, ராத்திரி சோறோ பாஸ்தாவோ. சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன். சமையல்காரர் காய்கறிக் குழம்பு தனியாக வைத்தார். 4,000 மீட்டருக்கு மேல் பசியே போய்விடும், ஆனால் சாப்பிட்டே ஆக வேண்டும். அங்கே என்னைக் காப்பாற்றியது அம்மா கொரியரில் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய். ஒரு சாயங்காலம் தபால்காரர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த வேளையிலிருந்து பாட்டில் மேசையைச் சுற்றி வர ஆரம்பித்தது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. உயரத்தில் மாதவிலக்கு முன்னே பின்னே வரலாம், எந்தத் தேதியாக இருந்தாலும் தேவையானதை எடுத்துப் போங்கள். பயன்படுத்தியதைத் திரும்பக் கீழே கொண்டுவரத்தான் வேண்டும், அதற்கு ஒரு கறுப்புத் துணிப்பை தனியாக வையுங்கள். முகாமில் இருக்கும் குழிக் கழிப்பறைகளை நினைத்தே சிலர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அது ஆபத்து. குழுவாகச் சேர்ந்து கழிப்பறைக் கூடாரம் ஒன்றை வாடகைக்குச் சொல்லிவிடலாம். அதைச் சுத்தம் செய்யும் ஆளுக்குக் கடைசியில் தனியாக ஒரு தொகை கொடுங்கள். மலையிலேயே கடினமான வேலை அவருடையதுதான்.

தினமும் காலையிலும் இரவிலும் விரலில் கருவியை மாட்டி ஆக்ஸிஜனும் நாடித்துடிப்பும் பார்த்தார்கள். தலைவலி உண்டா, வாந்தி வந்ததா, தூங்கினாயா என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்கள். குழுவோடு இங்கிலாந்திலிருந்து ஒரு மருத்துவரும் வந்திருந்தார். உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையை எங்களில் பாதிப் பேர் சாப்பிட்டோம். விரல் நுனி குறுகுறுக்கும், ராத்திரி பல தடவை எழுந்து போக வேண்டியிருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். மலையில் புதிதாக ஆரம்பிக்காமல் வீட்டில் ஓரிரு நாள் சாப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மருத்துவர் இருந்தார், கருவி இருந்தது, நோட்டு இருந்தது. ஆனால் நோட்டில் உண்மையைச் சொன்னால்தானே?

இளைஞர்களில் ஒருவர், இருபத்தைந்து வயது இருக்கும், கால்பந்து ஆடுகிற உடம்பு. அவருடைய அலுவலகத்தில் ஒரு மேலாளர் ஆயிரம் பவுண்டு தருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் உச்சியைத் தொட்டால்தான். வேடிக்கைக்குத்தான் சொல்லியிருப்பார். இந்தப் பையன் அதை நோயாளிகளுக்கு வர வேண்டிய பணமாக எடுத்துக்கொண்டுவிட்டார். கரங்கா முகாமிலேயே அவருக்குத் தலைவலி. நோட்டில் 'இல்லை' என்று சொன்னார். மறுநாள் பாராஃபு முகாம், சுமார் 4,670 மீட்டர். அங்கே மரமும் இல்லை, செடியும் இல்லை, உடைந்த கல்லும் காற்றும்தான். சாயங்காலம் சோளப்பொரித் தட்டை அவர் தள்ளி வைத்தார். எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். கோட்டின் ஜிப்பைப் போட முயன்றார். இரண்டு முனையையும் கையில் பிடித்திருக்கிறார், ஒன்றை இன்னொன்றுக்குள் விடத் தெரியவில்லை. விட்டுவிட்டு மறுபடி முயல்கிறார். மறுபடி. முகத்தில் எரிச்சல்கூட இல்லை, ஒரு மாதிரி சிரிப்பு.

நர்ஸ் ஒருவர் எழுந்து போய் மருத்துவரையும் தலைமை வழிகாட்டியையும் கூட்டிவந்தார். ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார்கள். இரண்டாவது அடியிலேயே சாய்ந்தார். மூளையில் நீர் கோத்து வீங்குவதன் அறிகுறி அது. அதற்கு மருந்துகளும் ஆக்ஸிஜனும் துணைதான், உண்மையான வைத்தியம் கீழே இறங்குவது, அதுவும் உடனே. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவர் மாட்டேன் என்றார். "ஆயிரம் பவுண்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தலைமை வழிகாட்டி வாதாடவே இல்லை. இரண்டு உதவி வழிகாட்டிகளைக் கூப்பிட்டார், அவருடைய பையை ஒருவர் எடுத்துக்கொண்டார், ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்து, இருட்டுவதற்குள் இறக்கிவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் எதை மறந்தாலும் பரவாயில்லை, உச்சியைத் தொட்டால்தான் பணம் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். சிரித்துக்கொண்டே, "பணத்தை இப்போதே கொடுங்கள், உச்சி என் பாடு" என்று சொல்லிவிடுங்கள். கொடுக்கிற பக்கத்தில் நீங்கள் இருந்தால் அப்படி ஒரு பந்தயம் வைக்காதீர்கள். ஹாஸ்பிஸுக்குப் பணம் தேவை என்பதற்கும் ஓர் ஆள் 5,895 மீட்டரில் நிற்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தனக்காக ஏறுகிறவன் தலை வலித்தால் இறங்கிவிடுவான். அடுத்தவருக்காக ஏறுகிறோம் என்று நினைக்கிறவனுக்குத்தான் இறங்குவது துரோகமாகத் தெரிகிறது. நன்கொடைப் பயணங்களில் இருக்கும் தனி ஆபத்து இதுதான். தகவல் தாளில் காப்பீடு இருந்தது, கொசுவலை இருந்தது, இது இல்லை.

நள்ளிரவுக்குப் பாராஃபுவிலிருந்து புறப்பட்டோம். தலையில் விளக்கு, உடம்பில் இருந்த துணியெல்லாம் போட்டும் குளிர். முதுகுப்பையிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், மேற்புறம்தான் முதலில் உறையும். போன் பாட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். மற்றபடி அந்த ஏழெட்டு மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முன்னால் போகிறவருடைய பூட்ஸின் பின்பக்கம், அவ்வளவுதான் தெரியும்.

ஸ்டெல்லா பாயிண்டில் சூரியன் வந்தது. எரிமலை வாயின் விளிம்பு அது, 5,750 மீட்டரை ஒட்டிய உயரம். அங்கிருந்து மலையின் உச்சியான உஹுரு சிகரம் இன்னும் ஒரு மணி நேரத்துக்குள்தான், சரிவும் குறைவு. 1961இல் தாங்கானிக்கா விடுதலை பெற்ற இரவில் அந்தச் சிகரத்தில் தீப்பந்தம் ஏற்றினார்கள். ஜெர்மன் பேரரசர் பெயரில் இருந்த சிகரத்துக்கு உஹுரு, அதாவது ஸ்வாஹிலியில் விடுதலை, என்று பெயர் வந்தது அப்படித்தான். அதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அதற்குள் இரண்டு தடவை வாந்தி, உட்கார்ந்தால் கண் செருகியது. உதவி வழிகாட்டி குனிந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், "தொடரலாமா, இறங்கலாமா, சகோதரி?" இறங்கலாம் என்றேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததற்குக் காரணம் உண்டு. பணமெல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. என்னால் அந்த மலையில் யாருக்கும் ஒரு பைசா கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை.

கணவரை இழந்த அந்தப் பெண்மணி உஹுரு வரைக்கும் போனார். எங்களில் அவர்தான் மிக மெதுவாக நடந்தவர். கணவரின் படத்தைச் சிகரத்தில் விட்டுவிட்டு வர நினைத்திருந்தார். பூங்காவில் எதையும் விட்டுவரக் கூடாது, படத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டி பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அப்படியே செய்தார். எதையாவது அங்கே வைக்க வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் இருந்தால் போவதற்கு முன்பே அதை மாற்றிக்கொள்வது நல்லது. எல்லோரும் ஒரு படம் வைத்தால் சிகரம் குப்பைமேடாகிவிடும்.

இறக்கம் பொடிக்கல்லில் சறுக்கிக்கொண்டே போவது. ஊன்றுகோல் இல்லாமல் முடியாது. கால்விரல் நகத்தைப் புறப்படுவதற்கு முன்பே ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கறுத்துக் கழன்றுவிடும். மாலையில் ம்வேகா முகாமில் அந்த இளைஞர் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவருக்குப் பாதிதான் நினைவிருந்தது. சிக்னல் கிடைத்ததும் மேலாளருக்குச் செய்தி போட்டார். பதில் உடனே வந்தது, பணம் கட்டியாயிற்று என்று. தொடாத உச்சிக்கும் அவர் கொடுத்துவிட்டார். முதலிலேயே கொடுத்திருந்தால் என்ன என்று நர்ஸ் கேட்டதை நான் அப்படியே எழுத முடியாது, கொஞ்சம் காரமான ஆங்கிலம்.

கடைசி நாள் அன்பளிப்பு. கிளிமஞ்சாரோவில் இது விருப்பம் சார்ந்ததல்ல, செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்க்க வேண்டியது. ஊழியர்கள் வருமானத்தில் இதற்கு நல்ல பங்கு உண்டு. குழுவாகச் சேர்ந்து, தலைமை வழிகாட்டிக்கு இவ்வளவு, சமையல்காரருக்கு இவ்வளவு, சுமை தூக்குபவருக்கு இவ்வளவு என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டு, கூடுமானவரை அவரவர் கையிலேயே கொடுங்கள். ஒரே உறையில் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிட்டால் கடைசி ஆளுக்கு எவ்வளவு போகும் என்பது நமக்குத் தெரியாது. டாலராகக் கொண்டுபோவதானால் சின்ன நோட்டுகள், புதிதாக, கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். பழைய நோட்டுகளை அங்கே வங்கியிலேயே வாங்க மாட்டார்கள். இந்தப் பணத்தை நன்கொடை வசூலிலிருந்து எடுக்கக் கூடாது, இது நம் கடன்.

கோட்டு, கையுறை, கம்பளிக் காலுறை இதையெல்லாம் அடுத்த வருஷம் பரண்மேல் ஏற்றப் போகிறோம் என்று தெரிந்தால் மோஷியிலேயே விட்டுவிட்டு வரலாம். மேலே சொன்ன உதவித் திட்டத்தார் வாங்கிக்கொண்டு, சுமை தூக்குபவர்களுக்கு இலவசமாக இரவல் கொடுக்கிறார்கள். நான் கோட்டையும் கையுறையையும் கொடுத்தேன், பூட்ஸைக் கொடுக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த வாரத்தில் பணம் கொடுத்த எல்லோருக்கும் ஒரே பக்கத்தில் கணக்கு அனுப்பினேன். வந்தது எவ்வளவு, ஹாஸ்பிஸுக்குப் போனது எவ்வளவு, ரசீதின் படம், நான் ஸ்டெல்லா பாயிண்டோடு திரும்பிவிட்டேன் என்ற தகவல். உச்சிக்குப் போகாததைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து வந்த பதில்களில் பாதி, அடுத்த தோசை எப்போது என்றுதான் இருந்தது.